'நம்புறேன்டா' என்று சொல்லியே சிக்க வைப்பார்களா? எமோஷனல் இன்டெலிஜென்ஸின் இன்னொரு முகம்!

"மச்சான், உன்னைத்தான்டா நம்பியிருக்கேன். உன் அக்கவுண்ட்டுக்குப் பணம் வரும், எடுத்து மட்டும் கொடு." நெருங்கிய நண்பரோ தோழியோ இப்படிக் கேட்டால் மறுக்க மனசு வராது. ஆனால் அது சைபர் மோசடிப் பணமாக இருந்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. போலீஸ் விசாரணையும் உங்களிடமிருந்துதான் தொடங்கும்.

எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்றால் என்ன?

தன் உணர்வையும் அடுத்தவர் உணர்வையும் புரிந்து, அதற்கேற்ப நடக்கும் திறன். அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் 1990-ல் இதை விளக்கினர். 1995-ல் வெளியான டேனியல் கோல்மனின் புத்தகம் இதைப் பிரபலமாக்கியது.

இது இருந்தாலே நல்லவரா?

அப்படிச் சொல்ல முடியாது. கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2011-ல் வெளியானது. உணர்வுகளைக் கையாளத் தெரிந்தவர்களில், அறவுணர்வு உள்ளவர்கள் பிறருக்கு உதவ முன்வந்தார்கள். சுயலாபத்துக்காக யாரையும் வளைக்கும் குணம் உள்ளவர்களோ, கூட இருப்பவர்களைக் காயப்படுத்தும் செயல்களில் அதிகம் ஈடுபட்டார்கள். திறமை ஒன்றுதான், எண்ணம்தான் வேறு.

இளைஞர்கள் தவறான பாதைக்குப் போக இரண்டு வழி

ஒன்று, கோபத்தை அடக்கத் தெரியாமல் அடிதடியில் இறங்குவது. இது வெளியே தெரியும். இன்னொன்று, அடுத்தவரின் பாசத்தையும் பயத்தையும் படித்து, அவரை வைத்தே காரியம் சாதிப்பது. இது சட்டென்று தெரியாது. ஆண், பெண் இருவரிடமும் இது உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* "உனக்காக எவ்வளவு பண்ணியிருக்கேன்" என்று கணக்குப் பேசுவது
* "லவ் பண்றது உண்மைன்னா பாஸ்வேர்டு கொடு" என்று சோதனை வைப்பது
* "வீட்டுல சொல்லாதே" என்பது
* "இப்பவே பண்ணு" என்று யோசிக்க விடாமல் அவசரப்படுத்துவது

என்ன செய்யலாம்?

"நாளைக்குச் சொல்றேன்" என்று ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். உண்மையான நட்பு ஒரு நாளில் உடையாது. வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். பெற்றோரும் எடுத்ததும் திட்டாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். திட்டுக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கு 1930, பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணை அழைக்கலாம்.