அடியில் ஒரு முத்திரை

கோப்பையைக் கையில் எடுத்தால் முதலில் அதைக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் ஓர் அக்கா. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் தனியாளாக மண்பாண்டப் பட்டறை நடத்துகிறார். வார இறுதியில் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு. மற்ற நாட்களில் உணவகங்களுக்குத் தட்டும் கிண்ணமும் செய்து கொடுக்கிறார். "மேல இருக்கிற பூச்சு ஏமாத்தும், அடி ஏமாத்தாது" என்பார். அவருடைய கோப்பைகளின் அடியில் சின்னதாக ஒரு முத்திரை இருக்கும்.

"படிச்சு முடிச்சிட்டு கொசவன் வேலையா?" என்று அவருடைய அம்மா கேட்டாராம். "கொசவன் இல்லம்மா, பாட்டர்" என்றாராம் இவர். அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை. வேலை ஒன்றுதான், பெயர்தான் இரண்டு. ஒரு பெயர் பிறப்போடு ஒட்டி வருவது, மற்றது விரும்பி எடுத்துக்கொள்வது. அந்த இரண்டாவது பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனேன். அது என்னைச் சிங்கப்பூரில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரச் சிறுவனிடம் கொண்டுபோய் விட்டது.

பெர்னார்ட் லீச் 1887இல் ஹாங்காங்கில் பிறந்தார். பிறந்தவுடனேயே தாயை இழந்தார். அப்பா காலனி அரசின் நீதிபதி. அவருடைய வேலை சிங்கப்பூருக்கு மாறியபோது பையனும் கூடவே வந்தான். பத்து வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். ஓவியப் பள்ளியில் சேர்ந்தார், பிறகு ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் லண்டன் கிளையில் கொஞ்ச காலம் குமாஸ்தா. வங்கி ஒத்துவரவில்லை. செதுக்கோவியம் கற்றுக்கொடுக்கலாம் என்று 1909இல் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்.

1911இல் தோக்கியோவில் ஒரு விருந்து. வந்தவர்கள் கையில் சுடாத பாண்டம் ஒன்றையும் தூரிகையையும் கொடுத்து ஏதாவது வரையச் சொன்னார்கள். வரைந்ததைப் பூச்சில் முக்கிச் சின்ன சூளைக்குள் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது செக்கச்செவேலென்று தணலாக வெளியே வந்தது. ராக்கு என்று அதற்குப் பெயர். லீச்சின் வாழ்க்கை அந்த மாலையில் திசை மாறியது. ஆறாவது கென்சான் என்ற பட்டம் தாங்கிய முதியவரிடம் மாணவராகச் சேர்ந்தார். குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தொழிலை ஒரு முன்னாள் வங்கிக் குமாஸ்தா ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டார்.

1920இல் ஹமாதா ஷோஜி என்ற இளைஞரோடு இங்கிலாந்து திரும்பி, கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் பட்டறை போட்டார். அங்கே கைவினைச் சங்கம் நடத்திய ஃபிரான்சஸ் ஹார்ன் என்ற அம்மையார் முதலுக்குப் பணம் கொடுத்தார். சரிவில் படிப்படியாக மேலேறும் மூன்று அறைச் சூளை கட்டினார்கள். மேற்கு நாடுகளில் அப்படி ஒரு ஜப்பானியச் சூளை எழும்பியது அதுதான் முதல் முறை. ஆனால் இடம் தப்பு. கார்ன்வால் காற்று வீசும் வெற்று நிலம், மரம் குறைவு. விறகுச் சூளைக்கு விறகே கிடைக்காத ஊர்! முதல் சூளையும் சரியாக வேலை செய்யவில்லை. ஜப்பானியக் குயவர் குடும்பத்தில் வந்த மட்சுபயாஷி என்பவர் 1922இல் வந்து அதை மாற்றிக் கட்டிக் கொடுத்தார்.

தனித்து இயங்கும் ஒரு மண்பாண்டக் கலைஞரின் நாள் எப்படிப்பட்டது? சக்கரத்தின் முன் உட்கார்ந்து கண்ணை மூடித் தியானிக்கிற படங்களை நம்ப வேண்டாம். சக்கரத்தில் கழியும் நேரம் கொஞ்சம்தான். முதலில் மண்ணைத் தேட வேண்டும். செயின்ட் ஐவ்ஸ்காரர்கள் பக்கத்தில் இருந்த செயின்ட் எர்த் ஊரின் செம்மண்ணையும் டெவன் பகுதியின் வெளிர் களிமண்ணையும் கலந்து பார்த்தார்கள். மண்ணைச் சலித்து, ஊறவைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் பிசைய வேண்டும். வனைந்ததை உடனே தொட முடியாது. தோல்பதத்துக்கு இறுகிய பிறகுதான் அடியைச் சீவலாம், கைப்பிடி ஒட்டலாம். மழைக்காலத்தில் காயாது, வெயிலில் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். காய்வதிலும் சுடுவதிலுமாகச் சேர்த்துப் பாண்டம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும் என்பதால், வனையும்போதே பெரிதாக வனைய வேண்டும்.

பிறகு முதல் சூடு, பூச்சு, சூளைக்குள் அடுக்குவது. அடுக்குவதே ஒரு நாள் வேலை. ஸ்டோன்வேர் என்கிற கெட்டி வகைக்கு வெப்பம் 1,250 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். விறகென்றால் ஒரு பகல், ஓர் இரவு, அதற்கு மேலும் ஆள் மாற்றி ஆள் தீனி போட வேண்டும். அப்புறம் சூளை ஆறும்வரை காத்திருப்பு. பல வார உழைப்பு கதவைத் திறக்கும் அந்த ஒரு காலையில்தான் தேறும், இல்லை உடையும். செயின்ட் ஐவ்ஸின் முதல் ஆண்டுகளில் உடைந்ததும் கோணியதும் ஏராளம். வருமானம் போதவில்லை. கோடையில் வரும் சுற்றுலாக்காரர்கள் கையில் தூரிகையைக் கொடுத்து ராக்கு சுட்டுக் காட்டினார்கள். தோக்கியோ விருந்து இப்போது கடனை அடைக்க ஒரு வழி ஆகிவிட்டது. ஜப்பானுக்கு அனுப்பிய பாண்டங்களை அங்கே நண்பர்கள் கண்காட்சி வைத்து விற்றுத் தந்த பணத்திலும் பட்டறை ஓடியது.

இங்கேதான் முத்திரை வருகிறது. லீச் தன் கையால் செய்தவற்றின் அடியில் தன் பெயரின் முதலெழுத்துகளைக் குத்தினார். கூடவே பட்டறையின் முத்திரையும் இருக்கும். கண்காட்சியில் விலை போவதற்கு அந்தப் பெயர் வேண்டும். அதே காலத்தில் அவருடைய நண்பர் யனாகி சோயெட்சு ஜப்பானில் நேர்மாறான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாதாரண மக்களின் அன்றாடப் புழக்கத்துக்குப் பெயர் தெரியாத கைகள் செய்த பாண்டங்களே மிக அழகானவை என்றார். 1925இல் யனாகியும் ஹமாதாவும் கவாய் கன்ஜிரோவும் சேர்ந்து அதற்கு 'மிங்கெய்' என்று பெயர் வைத்தார்கள். மக்கள் கலை என்று பொருள். ஹமாதா செயின்ட் ஐவ்ஸில் இருந்தவரை முத்திரை குத்தினார். ஜப்பான் திரும்பி மாஷிகோவில் குடியேறிய பிறகு நிறுத்திவிட்டார். ஆனாலும் 'இது ஹமாதா' என்று பார்த்தவுடன் சொல்லும் அளவுக்கு அவர் பிரபலமானார். பெயர் போடாததும் ஒரு முத்திரை ஆகிப்போனது. யனாகியின் கட்டுரைகளை லீச் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த நூல் 1972இல் 'பெயர் அறியாத கைவினைஞர்' என்ற தலைப்போடு வெளியானது. அட்டையில் இரண்டு பிரபலமான பெயர்கள்.

பட்டறையைக் காப்பாற்றியது லீச்சின் முத்திரை மட்டும் இல்லை. மகன் டேவிட், ஸ்டோக் நகரில் தொழில்முறைப் பீங்கான் படிப்புக்குப் போனார். அது ஆலைகளின் ஊர், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. டேவிட் 1937இல் திரும்பி வந்து மண் கலவையைச் சரிசெய்தார், சூளையை எண்ணெய்க்கு மாற்றினார், உள்ளூர்ப் பையன்களை வேலைக்குப் பழக்கினார். தட்டு, கிண்ணம், ஜாடி என்று ஒரே அளவில், எடைபோட்ட மண்ணில் செய்து பட்டியல் போட்டு விற்றார்கள். இவற்றின் அடியில் பட்டறை முத்திரை மட்டும்தான். செய்தவர் பெயர் இல்லை. சுதந்திரக் கலைஞர் ஒருவர் நிற்பதற்குப் பெயரில்லாத பல கைகள் ஒரே கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப வனைய வேண்டியிருந்தது.

1938இல் பையனாகச் சேர்ந்த பில் மார்ஷல் உள்ளூர்க்காரர். வனைவதில் பட்டறையிலேயே தேர்ந்த கை என்று பெயர் வாங்கினார். லீச்சுக்கு வயதான காலத்தில், அவருடைய பெரிய பாண்டங்கள் சிலவற்றைச் சக்கரத்தில் எழுப்பியவர் மார்ஷல். லீச் வடிவம் சொன்னார், ஓவியம் தீட்டினார், முத்திரையைக் குத்தினார். இதை மோசடி என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானியப் பட்டறைகளில் அதுதான் வழக்கம். ஆனால் தன் கையால் எல்லாம் செய்யும் தனி ஆள் என்று நாம் கற்பனை செய்கிற உருவம், அந்த இயக்கத்தின் தாய்வீட்டிலேயே அப்படியே இருந்ததில்லை.

இந்த வரலாறு தமிழ் மண்ணையும் தொட்டிருக்கிறது. ஜப்பானில் மண்பாண்டம் கற்ற டெபோரா ஸ்மித் 1971இல் ரே மீக்கரோடு சேர்ந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். இருவரும் அமெரிக்கர்கள். உள்ளூர்த் தொழிலாளர்கள் அங்கே ஸ்டோன்வேர் பழகினார்கள். இந்தியாவின் பல ஊர்களிலிருந்து வந்து பயின்றவர்கள் பின்னர் தங்கள் பெயரில் பட்டறை வைத்தார்கள். பக்கத்துத் தமிழ்நாட்டில் வேளார்கள் அய்யனாருக்குச் சுடுமண் குதிரை செய்துகொண்டேதான் இருந்தார்கள். குதிரையின் அடியைப் பார்த்தால் முத்திரை இருக்காது. செய்தவர் யாரென்று ஊருக்கே தெரியும், முத்திரை எதற்கு?

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் பெயர்கள் உண்டு. ஆதன் என்று ஒருவர் இருந்தார் என்பதை இரண்டாயிரம் ஆண்டு தாண்டியும் ஓர் ஓடு சொல்கிறது. இப்படிப்பட்ட பெயர்களில் பலவும் சுட்ட பிறகு கீறப்பட்டவை. பானை யாருடையது என்பதைச் சொல்பவை, செய்தது யார் என்பதை அல்ல என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். பானையை வைத்திருந்தவர் பெயர் தங்கிவிட்டது, வனைந்தவர் பெயர் இல்லை.

போன சனிக்கிழமை இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். கைப்பிடி ஒட்டிக்கொண்டே கேட்டார். பிறகு நான் வனைந்த கோணல் கிண்ணத்தைக் கவிழ்த்து, மரக்குச்சி ஒன்றை என்னிடம் நீட்டினார். "பேர் எழுதிடு. இல்லன்னா சூளையிலேர்ந்து எடுக்கிறப்ப எது யாரோடதுன்னு தெரியாது." அவ்வளவுதான் காரணம். ஈரம் காயும் முன் எழுதினேன்.