கோணமலையில் ஒரு தூண்

திருகோணமலையில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஒரே ஏற்றம். கோட்டை இன்றும் ராணுவ முகாம். மரத்தடியில் புள்ளிமான்கள் படுத்திருக்கின்றன. யாரையும் சட்டை செய்வதில்லை. ஏற ஏற மரங்களுக்கிடையே கடல் விரிகிறது. உச்சியில் சுவாமிப் பாறை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்குகிறது.

கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் விளிம்பைக் காட்டி, 'இதிலயிருந்துதான் தம்பி அவ குதிச்சவ' என்றார். பிரான்ஸினா என்ற டச்சுப் பெண். காதலன் கைவிட்டுக் கப்பலேறினான், இவள் பாய்ந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லப்படும் கதை. சாட்சியாக 1687 என்று வருஷம் பொறித்த ஒரு தூண். ஆனால் அந்தப் பெண் சாகவில்லை. பிற்பாடு ஹாலந்தில் மணம் செய்துகொண்டு வாழ்ந்ததைப் பதிவுகள் காட்டுகின்றன. கதை பொய் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கதை கேட்கிற எவரும் தூணைப் பார்ப்பதில்லை என்பதுதான் உறுத்தியது. அது கோயில் தூண் என்பதே சரித்திரம் எழுதியவர்களின் கருத்து.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பதிகம் பெற்ற மலை இது. பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு கடல் வருகிறது. 1622-ல் போர்த்துக்கீசியர் கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639-ல் டச்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1803-ல் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரால் அதைப் பிரெடரிக் கோட்டை ஆக்கினார்கள்.

வங்கியில் பேரேடு எழுதிய காலத்து மூத்தவர்கள் எனக்குச் சொன்ன முதல் விதி: தப்பு விழுந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய தொகை தெரியும்படி ஒரு கோடு இழுத்து, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் கையொப்பம் இட வேண்டும். இந்த மலையில் கணக்கு எழுதியவர்கள் சுரண்டிவிட்டு எழுதியவர்கள். கல்லை மட்டும் முழுக்கச் சுரண்ட முடியவில்லை.

உலகப் போர்கள் இரண்டிலும் இங்கே கரைப் பீரங்கிகள் இருந்தன. தெய்வத்துக்கு உகந்த இடமும் பீரங்கிக்கு உகந்த இடமும் ஒன்றாக அமைந்தது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் தடையற்ற கடல் வேண்டும். நாம் நின்று ரசிக்கும் காட்சி, எதிரிக் கப்பலைத் தேடியவனின் காட்சியும்தான். 1942 ஏப்ரல் 9 காலை எதிரி வானத்தில் வந்தான். நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளிலிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. கடலுக்காகக் காத்திருந்த பீரங்கிகளால் ஆகக்கூடியது அதிகமில்லை. முன்னெச்சரிக்கையாக முந்தைய இரவே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பியிருந்தார்கள். அதில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கி 307 பேர் இறந்தார்கள்.

கடல் கற்களை எடுத்து வேறொன்று கட்டுவதில்லை. 1956-ல் மைக் வில்சனும் ஆர்தர் கிளார்க்கும் இந்தப் பாறையடியில் மூழ்கிப் பார்த்தபோது, செதுக்கிய கோயில் கற்கள் அங்கே கிடந்தன.

இதையெல்லாம் பெரியவரிடம் கொஞ்சம் கர்வத்தோடே சொல்லிக்கொண்டு இறங்கினேன். காதல் கதை வந்து கோயிலை மறைத்துவிட்டது என்றேன். அவர் மறுக்கவில்லை.

கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்தோம். 2006 ஜனவரி 2 மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டது இந்தக் கடற்கரையில். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் 13 பேரும் 2019-ல் விடுவிக்கப்பட்டார்கள். இது எனக்கு முன்பே தெரியும். எந்த இடம் என்று கேட்டேன். பெரியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கை நீட்டவில்லை. 'உதுக்குள்ளதான்' என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அரை மணிக்கு முன் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சாவை, நடக்காத சாவை, விரல் நீட்டிச் சத்தமாகச் சொன்னவர். அந்தக் கதை எதை மறைக்கிறது என்று மட்டுமே நான் யோசித்திருந்தேன். சத்தமாகச் சொல்லக்கூடிய சாவு இந்த ஊரில் அது ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.