குறைகளே சான்றுகளாய்: தொடக்ககால அமெரிக்கச் செப்புக் காசுச் சேகரிப்பின் வளர்ச்சி

பழைய நாணயம் என்றதும் தங்கமும் வெள்ளியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அமெரிக்க நாணயவியலில் ஆகக் கூர்மையான பார்வைக்கு உள்ளானவையோ மிகத் தாழ்ந்த மதிப்புள்ள காசுகள். பிலடெல்பியா நாணயச்சாலை 1793 முதல் 1857 வரை அடித்து வெளியிட்ட பெரிய சென்ட்டுகளும் அரை சென்ட்டுகளுமே அவை. இவற்றின் மீதான ஈர்ப்பை அரிய பொருள் மீதான ஆசை என்று சொல்லி முடித்துவிட முடியாது. வசதி குறைந்த ஒரு நாணயச்சாலையின் கைவேலை இந்தக் காசுகளில் பல குறைகளை விட்டுச்சென்றது. சேகரிப்பாளர்கள் அந்தக் குறைகளைச் சான்றுகளாக வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். இந்த வாசிப்புக்கலை வளர்ந்த வரலாறே ஈர்ப்பின் வரலாறு என்பது இக்கட்டுரையின் கருத்து.

செம்பின் மீது அமெரிக்கர்களுக்கு நம்பிக்கை குறைந்திருந்த காலத்தில்தான் சென்ட் பிறந்தது. 1780களில் கனெக்டிகட், வெர்மான்ட், நியூ ஜெர்சி முதலியன தத்தம் செப்புக் காசுகளை வெளியிட்டன. கூடவே போலி ஆங்கில அரைப்பென்னிகளும் கலந்து புழங்கின. 1789 ஜூலையில் நியூயார்க்கில் செப்புக் காசுகளின் மதிப்பு சரிந்து விழுந்தது. 1792 ஏப்ரல் 2ஆம் நாள் நிறைவேறிய நாணயச் சட்டம் ஒரு சென்ட்டில் 264 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 17 கிராம் செம்பு இருக்க வேண்டும் என்று விதித்தது. காசின் மதிப்பு அதன் உலோகத்திலேயே இருந்தால்தான் மக்கள் நம்புவார்கள் என்பது சட்டம் இயற்றியவர்களின் எண்ணம். ஆனால் செம்பின் விலை ஏறியதால் ஒரு சென்ட்கூட வெளிவருமுன்பே, 1793 ஜனவரியில், எடை 208 கிரெய்னாகக் குறைந்தது. மூன்றாண்டுக்குள் அது 168 கிரெய்னுக்கு இறங்கியது. விளிம்பில் எழுத்துப் பொறிக்க இடமில்லாத அளவுக்கு வில்லை மெலிந்தது. இன்று ஒரு சேகரிப்பாளர் 1795ஆம் ஆண்டுக் காசைக் கையில் எடுத்ததும் முதலில் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பதற்கு இந்தப் பொருளாதார நெருக்கடியே காரணம்.

1793 மார்ச்சில் வெளிவந்த முதல் சென்ட்டின் பின்பக்கத்தில் பதினைந்து வளையங்கள் கோத்த சங்கிலி இருந்தது. பதினைந்து மாநிலங்களின் ஒற்றுமையைக் குறிக்கவே அதைப் போட்டார்கள். விடுதலையைப் பாடும் நாட்டின் காசில் சங்கிலியா என்று நாளிதழ்கள் கண்டித்தன. முதல் அச்சில் நாட்டின் பெயரை முழுதாகப் பொறிக்க இடம் போதாமல், அமெரிக்கா என்ற சொல்லைப் பாதியில் நிறுத்திப் புள்ளி வைத்துவிட்டார்கள். மொத்தம் 36,103 சங்கிலி சென்ட்டுகளுடன் அந்த வடிவம் நின்றது. அதே ஆண்டிலேயே இலைவளையம் வந்தது. பிறகு ஜோசப் ரைட் வடித்த சுதந்திரத் தொப்பி வந்தது. பிலடெல்பியாவைச் சூறையாடிய மஞ்சள் காய்ச்சல் அந்த 1793ஆம் ஆண்டிலேயே ரைட்டையும் கொண்டுபோயிற்று.

செம்பு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. இந்தியாவோடு வணிகம் செய்த டால்பட், ஆலம் அண்ட் லீ என்ற நியூயார்க் நிறுவனம் 1794, 1795 ஆண்டுகளில் தன் பெயரில் செப்பு வில்லைகளைப் புழக்கத்தில் விட்டிருந்தது. அவற்றை நாணயச்சாலை மொத்தமாக வாங்கி, வெட்டிச் சிறிதாக்கி, மேலே அரை சென்ட் அச்சைப் பதித்தது. 1795, 1797 ஆண்டு அரை சென்ட்டுகள் சிலவற்றைச் சாய்வெளிச்சத்தில் திருப்பினால் சுதந்திர தேவியின் முகத்துக்கடியில் பழைய வில்லையின் கப்பலோ எழுத்தோ கோடாகத் தெரியும். அப்படித் தெரியும் ஒரு கோடு, அன்றைய கருவூலத்தின் நிலையை எந்த அறிக்கையையும் விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

1790களின் பிற்பகுதியில் பர்மிங்காமைச் சேர்ந்த மேத்யூ போல்டன் சீரான வெற்று வில்லைகளை அனுப்பத் தொடங்கிய பிறகே நிலைமை திருந்தியது. இதே போல்டனின் சோஹோ ஆலைதான் மதராஸ் மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களையும் அடித்துக் கொடுத்தது. 1808ஆம் ஆண்டு பொறித்த அந்தக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. சென்னைக் கடைவீதிக் காசுக்கும் பிலடெல்பியா சென்ட்டுக்கும் ஒரே ஆலையோடு உறவு இருந்திருக்கிறது. 1812இல் பிரிட்டனோடு போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது. 1815ஆம் ஆண்டு பொறித்த சென்ட் ஒன்றுகூட இல்லாமல் போனதற்கு அதுவே காரணம்.

சேகரிப்பாளரை உண்மையில் கட்டிப்போட்டவை அச்சுகள். தொடக்கத்தில் எஃகு அச்சில் உருவத்தை நேரடியாகச் செதுக்கினார்கள். தலையுருவைப் பதிக்க முத்திரைக்கோல் வந்த பின்னும் கூந்தல் இழைகளைக் கையால் திருத்தினார்கள். எழுத்தையும் எண்ணையும் தனித்தனி உளியால் அறைந்தார்கள். எனவே எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் அமையவில்லை. எஃகும் தரமானதல்ல, அச்சு சீக்கிரமே விரிசல் விட்டது. அச்சிலுள்ள விரிசல் காசில் மேடான கோடாக விழும். கோடு நீள நீள, அந்தக் காசு பிந்தி அடிக்கப்பட்டது என்று பொருள். நாணயச்சாலை பழைய ஆண்டின் அச்சை மறு ஆண்டிலும் பயன்படுத்தியது. எந்த ஆண்டு பொறித்த காசுகள் எத்தனை என்று அதன் பதிவேடு பிரித்துச் சொல்லவில்லை. எத்தனை காசுகள் கைமாறின என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே எது முன்பு, எது பின்பு என்ற கேள்விக்குக் காசுகளே முதன்மை ஆவணங்கள் ஆகின்றன.

இதை உணர வெகுகாலம் ஆயிற்று. பிலடெல்பியாவில் பியானோ செய்துவந்த ஜோசப் மிக்லி, தான் பிறந்த 1799ஆம் ஆண்டின் சென்ட் ஒன்றைத் தேடப்போய்ச் சேகரிப்பில் இறங்கினார் என்று சொல்வது வழக்கம். 1799 மிக அரிய ஆண்டு என்பதால் தேடல் நீண்டது. அவரைப் போன்றோர் அன்று விரல்விட்டு எண்ணும் அளவே. 1857இல் நிலை மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் சட்டம் பெரிய சென்ட்டையும் அரை சென்ட்டையும் நிறுத்தியது. மே 25ஆம் நாள் நாணயச்சாலை முற்றத்தில் ஒரு கொட்டகை போட்டு, அதன் ஒரு சாளரத்தில் பழைய செம்புக்கும் மற்றொன்றில் ஸ்பானிய வெள்ளிக் காசுகளுக்கும் மாற்றாகப் புதிய சிறிய சென்ட்டைக் கொடுத்தார்கள். கூட்டம் நெருக்கியடித்தது. இளமை முதல் கையில் புழங்கிய காசு மறையப்போகிறது என்ற உணர்வு, ஆண்டுக்கொன்றாக எடுத்து வைக்கும் பழக்கத்தைப் பரப்பியது. மறு ஆண்டே நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் கழகம் தோன்றியது.

ஆண்டு வரிசையிலிருந்து அச்சு வகைகளுக்குப் பார்வையை நகர்த்தியவர் எட்வர்டு மாரிஸ். மருத்துவரான இவர் 1869இல் 1794ஆம் ஆண்டுச் செப்புக் காசுகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அந்த ஓராண்டில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சென்ட் வகைகள் உண்டு. இரட்டைத் தாடை, தழும்புத் தலை, துளையிட்ட மண்டை, கடல் வீனஸ் என்று அவற்றுக்கு மாரிஸ் பெயர் சூட்டினார். எண் போட்டு வரிசைப்படுத்துவதோடு ஒப்பிட்டால் இது அறிவியல் முறை அல்ல என்ற குறை சரியானதே. ஆயினும் ஒவ்வொரு முகத்தையும் தனி ஆளாகப் பார்க்க அந்தப் பெயர்களே கண்ணைப் பழக்கின என்பது என் மதிப்பீடு. 1794ஆம் ஆண்டு சென்ட் ஒன்றின் பின்பக்க விளிம்பில் 94 நுண்ணிய விண்மீன்கள் இருப்பது இத்தகைய பழகிய கண்ணுக்குத்தான் பொருட்படும். சில்வெஸ்டர் கிராஸ்பி 1793ஆம் ஆண்டையும், ஹோவர்டு நியூகம்ப் 1944இல் வெளியிட்ட நூலில் 1816 முதலான சென்ட்டுகளையும் இவ்வாறே வகைப்படுத்தினார்கள்.

அடுத்த பெரும் மாற்றம் உளவியலாளர் வில்லியம் ஷெல்டனால் வந்தது. மனித உடலமைப்பை எண்களால் வகைப்படுத்த முயன்ற இவர், 1949இல் வெளியிட்ட நூலில் 1793 முதல் 1814 வரையிலான சென்ட் வகைகளுக்கு எண் கொடுத்தார். காசின் நிலையை 1 முதல் 70 வரை அளக்கும் முறையையும் வகுத்தார். அடிப்படை விலையை நிலை எண்ணால் பெருக்கினால் சந்தை விலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. விலைகள் அந்தக் கணக்கை விரைவிலேயே மீறிவிட்டன. அளவுகோல் மட்டும் நிலைத்து, 1970களுக்குப் பின் அமெரிக்க நாணயங்கள் அனைத்துக்கும் பொதுவானது. ஷெல்டனின் மற்றொரு செயலையும் மறைப்பதற்கில்லை. அமெரிக்க நாணயவியல் கழகத்துக்கு ஜார்ஜ் கிளாப் கொடையாக அளித்த சென்ட்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த காசுகளை அவற்றின் இடத்தில் வைத்தார் என்பது அவர் 1977இல் இறந்த பின் தெரியவந்தது. ஒவ்வொரு செப்புக் காசும் தன் விரிசலாலும் கீறலாலும் தனித்து அறியத்தக்கது என்பதால்தான் அந்தத் திருட்டை நிறுவ முடிந்தது. துறைக்கு அளவுகோல் தந்தவரின் குற்றத்தை அந்தத் துறையின் நுண்பார்வையே வெளிக்கொணர்ந்தது.

1967இல் தோன்றிய தொடக்ககால அமெரிக்கச் செப்புக் காசு மன்றமும் அதன் பென்னி-வைஸ் இதழும் இந்தப் பார்வையைக் கூட்டு முயற்சியாக்கின. இம்மன்றத்தார் ஷெல்டனின் அளவுகோலை இன்னும் கண்டிப்பாகக் கையாளுகிறார்கள். முதலில் தேய்மானத்துக்கு எண். பிறகு அரிப்புக்கும் கீறலுக்கும் அதிலிருந்து கழிவு. கூட்டங்களில் இருவர் ஒரே வகைக் காசை அருகருகே வைத்து எது மேல் என்று புள்ளி போடும் போட்டியும் உண்டு. விலை ஏறாமலில்லை. பத்துக்கும் குறைவாகவே எஞ்சியுள்ள, விளிம்பில் வரி வெட்டிய 1795 சென்ட் ஒன்று 2009இல் 12,65,000 டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அதுவும் நன்றாகத் தேய்ந்த காசுதான். அதை வாங்கத் தூண்டியது பளபளப்பு அல்ல.

செம்பு காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து சிவப்பிலிருந்து பழுப்பாகவும் பாசிநிறமாகவும் மாறும். அந்த மேற்பரப்பில்தான் அச்சின் விரிசலும் அடிவில்லையின் கோடும் தங்கியிருக்கின்றன. தேய்த்துத் துலக்கினால் முதலில் அழிவது அவையே. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் மென்மயிர்த் தூரிகைக்கு மேல் எதையும் அதன்மீது படவிடத் தயங்குவது இதனால்தான். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பெட்டியில் கம்பெனிக் காசோ வேறு எந்தப் பழைய செப்புக் காசோ இருந்தால், குத்துவிளக்கைப்போல் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுத்து, உலர்ந்த காகித உறையில் வைத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.