தானுந்துக் கதவு வரிச்சுருள் மின்சுற்று

தானுந்துக் கதவு வரிச்சுருள் மின்சுற்று என்பது, வெளிக் கைப்பிடி நீக்கப்பட்ட காரின் கதவுத் தாழை மின்காந்த விசையால் இழுத்துத் திறப்பதற்காக அமைக்கப்படும் மின்சுற்று ஆகும். மின்கலம், உருகி, ரிலே, கம்பிகள், சொலினாய்டு என்று பட்டறைகளில் அழைக்கப்படும் வரிச்சுருள் ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். உரிமையாளரின் விருப்பத்திற்கேற்ப உருமாற்றப்படும் கார்களிலேயே இது பெரும்பாலும் காணப்படுகிறது. சுற்று பழுதுபட்டால் காருக்குள் இருப்பவர் வெளியேறவும், வெளியில் இருப்பவர் அவரை மீட்கவும் இயலாமல் போகக்கூடும் என்பதால், ரிலேயையும் கம்பியையும் தெரிவு செய்வது உயிர்ப் பாதுகாப்போடு தொடர்புடைய பணியாகக் கருதப்படுகிறது.

வரலாறு

மின்காந்தத்தால் இயங்கும் ரிலேயை அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835 ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். தந்திச் செய்தியைத் தொலைவுக்குக் கடத்தப் பயன்பட்ட இக்கருவி, பின்னர் தொலைபேசி நிலையங்களிலும் தானுந்துகளிலும் இடம் பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவில் கார்களை உருமாற்றும் வழக்கம் பரவியபோது, உடற்பகுதி வழுவழுப்பாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகக் கதவுக் கைப்பிடிகளை அகற்றி, மறைவான பொத்தானும் வரிச்சுருளும் பொருத்தினர்.

இந்தியாவில் இம்முறை அரிது. ஆனால் இதற்கு நெருங்கிய உறவுடைய மையப் பூட்டு அமைப்பைப் பின்னாளில் பொருத்தும் வழக்கம் தமிழ்நாட்டின் சிறு நகரங்கள் வரை பரவியுள்ளது. 2014 இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசிடர், மாருதி 800 ஆகிய கார்களில் பல மின் பூட்டு இல்லாமலேயே விற்கப்பட்டன. அவற்றுக்குத் தொலையியக்கிப் பூட்டு பொருத்துவது தானுந்து மின்பணியாளர்களின் வழக்கமான வேலையாக இருந்தது. மையப் பூட்டில் பயன்படுவது பெரும்பாலும் சிறு மின்னோடி. அது பூட்டை அடைக்கவும் விடுவிக்கவும் மட்டுமே செய்கிறது. கதவு வரிச்சுருளோ தாழையே இழுக்கிறது. எனவே அதற்குப் பன்மடங்கு கூடுதல் மின்னோட்டம் தேவைப்படுகிறது. மையப் பூட்டுக்கு வந்த மெல்லிய கம்பியிலேயே வரிச்சுருளையும் இணைப்பது இதனால் தவறாகும்.

செயற்படும் முறை

செப்புக் கம்பிச் சுருளின் வழியே மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம், நடுவிலுள்ள இரும்புத் தண்டை உள்ளிழுக்கிறது. தண்டுடன் இணைந்த இழுகம்பி தாழை விடுவிக்கிறது. இரும்பு காந்தத் தெவிட்டலை எட்டாத வரை இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது இதன் பொருள்.

எடுத்துக்காட்டாக, 0.6 ஓம் மின்தடையுள்ள ஒரு வரிச்சுருள் 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதன் திறன் 240 வாட். ஓரிரு நொடிகளுக்கு மட்டுமே தாங்குமாறு இத்தகைய சுருள்கள் வடிவமைக்கப்படுகின்றன. தொடர்ந்து மின்னோட்டம் பாய்ந்தால் சுருளின் காப்புப் பூச்சு கருகிவிடும்.

ரிலே தெரிவு

சிறிய பொத்தானோ, தொலையியக்கி ஏற்பியோ 20 ஆம்பியரைத் தாங்காது. ஆகவே சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆளியாக ரிலே இடையில் வைக்கப்படுகிறது. தானுந்து ரிலேயின் சுருள் மின்தடை ஏறத்தாழ 80 ஓம் எனக் கொண்டால், அது எடுப்பது 0.15 ஆம்பியர் மட்டுமே.

செருமானிய டி.ஐ.என். 72552 தரத்தின்படி ரிலே முனைகளுக்கு எண்கள் தரப்பட்டுள்ளன.

30 - மின்கலத்தின் நேர் முனையில் இருந்து உருகி வழியாக வரும் கம்பி.
87 - ரிலே இயங்கும்போது மின்னோட்டம் வெளியேறும் முனை, வரிச்சுருளுக்குச் செல்வது.
87அ - ரிலே இயங்காதபோது 30 உடன் இணைந்திருக்கும் முனை.
85, 86 - ரிலேயின் சொந்தச் சுருள் முனைகள்.

ஐந்து முனை ரிலேயில் வரிச்சுருளைத் தவறுதலாக 87அ இல் இணைத்தால், பொத்தானை அழுத்தாதபோதே மின்னோட்டம் பாய்ந்து சுருள் எரியும். நான்கு முனை ரிலேயைப் பயன்படுத்துவதால் இப்பிழைக்கு இடமில்லாமல் போகிறது.

தொடுமுனைகளின் தாங்குதிறன், வரிச்சுருள் எடுக்கும் மின்னோட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருப்பது நல்லது. 20 ஆம்பியர் சுருளுக்கு 40 ஆம்பியர் ரிலே பொருந்தும். வீட்டு மாறுதிசை மின்னோட்டத்திற்கான ரிலேயை இங்குப் பயன்படுத்தலாகாது. மாறுதிசை மின்னோட்டம் ஒவ்வொரு சுழற்சியிலும் சுழியைத் தொடுவதால் தொடுமுனைப் பொறி தானே அணைகிறது. நேர்திசை மின்னோட்டத்தில் அவ்வாறு நிகழாது.

வரிச்சுருளின் மின்னோட்டம் துண்டிக்கப்படும் கணத்தில் அதன் காந்தப்புலம் சுருங்கி, எதிர்த்திசையில் உயர் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. இதனால் எழும் பொறி தொடுமுனைகளை அரித்து, இறுதியில் ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யலாம். இதைத் தடுக்க வரிச்சுருளுக்கு இணையாக ஒரு டயோடு பொருத்தப்படுகிறது. வரிச்சுருளுக்கு 1என்5408, ரிலே சுருளுக்கு 1என்4007 ஆகியவை எளிதில் கிடைப்பவை. டயோடில் கோடு போட்ட முனை நேர் முனைப் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் பொருத்தினால் அது குறுக்குச் சுற்றாகிவிடும்.

கம்பியின் தடிமன்

செப்புக் கம்பியின் மின்தடை, 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0172 ஓம் ஆகும். மின்கலத்தில் இருந்து கதவுக்கு 4 மீட்டர், திரும்பி வர 4 மீட்டர் என மொத்தம் 8 மீட்டர் கம்பி உள்ளதாகக் கொண்டால், மேற்கண்ட 0.6 ஓம் சுருளுக்குப் பின்வரும் விளைவுகள் கிடைக்கின்றன.

1 ச.மி.மீ. கம்பி - மின்னோட்டம் 16.3 ஆம்பியர், இழுவிசை 66 விழுக்காடு.
2.5 ச.மி.மீ. கம்பி - மின்னோட்டம் 18.3 ஆம்பியர்; இழுவிசை 84 விழுக்காடு.
4 ச.மி.மீ. கம்பி - மின்னோட்டம் 18.9 ஆம்பியர், இழுவிசை 89 விழுக்காடு.

மெல்லிய கம்பியால் விசையில் மூன்றில் ஒரு பங்கு வீணாவதை இதிலிருந்து அறியலாம். ரிலேயைக் கதவுக்கு அருகில் வைத்து, தடித்த கம்பியை நேர்வழியில் கொண்டுசென்றால் இழப்பு குறையும். பொத்தானில் இருந்து ரிலேக்கு வரும் கம்பி 0.5 ச.மி.மீ. இருந்தாலே போதுமானது.

கதவின் கீல் வழியாகவே எர்த்து கிடைக்கும் என்று விட்டுவிடக் கூடாது. கீலில் உள்ள மசகும் வண்ணப்பூச்சும் மின்தடையை உயர்த்துகின்றன. கதவில் இருந்து உடற்சட்டத்திற்குத் தனிக் கம்பி வேண்டும். கீலைக் கடக்கும் இடத்தில் பல இழைக் கம்பியைப் பயன்படுத்தி, ரப்பர் உறைக்குள் சிறிது தளர்வு விட வேண்டும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அங்கேதான் கம்பி வளைகிறது. இழைகள் முதலில் அறுவதும் அங்கேதான்.

உருகியும் நேர வரம்பும்

உருகி மின்கலத்திற்கு மிக அருகில் இருக்க வேண்டும். உருகிக்கும் மின்கலத்திற்கும் இடைப்பட்ட கம்பி உடலில் உரசினால் அதைக் காக்க எதுவும் இல்லை. 20 ஆம்பியர் சுருளுக்கு 25 ஆம்பியர் உருகியும் 4 ச.மி.மீ. கம்பியும் பொருந்தும்.

ஆனால் உருகி காப்பது கம்பியை மட்டுமே. ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் 20 ஆம்பியர் தொடர்ந்து பாயும். 25 ஆம்பியர் உருகி அதைக் கண்டுகொள்ளாது. கதவின் உள்ளுறைக்குப் பின்னால் 240 வாட் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் இதே நிலைதான். அழுத்தும் நேரம் எதுவாயினும் ஒரு நொடிக்கு மேல் மின்னோட்டம் செல்லாதவாறு நேரக் கட்டுப்பாட்டுச் சுற்று வைப்பது அழுத்திப் பிடிப்பதற்குத் தீர்வாகும். ஒட்டிய தொடுமுனைக்கு அது தீர்வாகாது. அதற்கு வெப்பத்தால் துண்டிக்கும் காப்பை வரிச்சுருளின் மேலேயே தொடராக இணைக்க வேண்டும்.

அறந்தாங்கிச் சூழல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்கில் அமைந்த அறந்தாங்கியில் இருந்து கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் ஆகிய பாக்கு நீரிணைக் கரையோர ஊர்களுக்குச் சாலைகள் செல்கின்றன. இப்பகுதிக் கார்கள் கோடை வெப்பம், வடகிழக்குப் பருவமழை, உப்புக் காற்று ஆகிய மூன்றையும் எதிர்கொள்கின்றன. மேலைநாட்டுக் குறிப்புகளில் காணும் அளவுகளை இங்கு அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது.

செப்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசு உயர்வுக்கும் ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் கதவுக்குள் வெப்பநிலை 25 இல் இருந்து 65 பாகையாக உயர்ந்தால், 0.6 ஓம் சுருள் 0.69 ஓம் ஆகிவிடும். 4 ச.மி.மீ. கம்பி இருந்தும் இழுவிசை 89 இல் இருந்து 68 விழுக்காடாகக் குறையும். அதே வேளையில் பழைய மின்கலத்தின் மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்கு இறங்கினால், விசை பாதியளவாகிவிடும். எனவே குளிர்ந்த காலையில் தாழை மட்டுமட்டாக இழுக்கும் வரிச்சுருள், சித்திரை நண்பகலில் இழுக்காது. தாழைத் திறக்கத் தேவையானதைப் போல் இரு மடங்கு விசையுள்ள வரிச்சுருளைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது இக்கணக்கில் இருந்து பெறப்படும் முடிவாகும்.

மழைநீர் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கி அடித்துளைகளில் வெளியேறுவது இயல்பு. ஆகையால் ரிலேயைக் கதவுக்குள் வைக்காமல், காரின் உட்புறத்தில் உயரமான இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். முறுக்கி நாடா சுற்றிய இணைப்புகளை உப்புக் காற்று விரைவில் பச்சைக் களிம்பேறச் செய்யும். வெள்ளீயம் பூசிய கம்பி, அழுத்தி இறுக்கிய முனை, வெப்பத்தால் சுருங்கும் உறை ஆகியவை நீண்ட நாள் உழைக்கும்.

பாதுகாப்புச் சிக்கல்

ஓடும்போது பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டால் கதவு திறந்துகொள்ளும். இதைத் தவிர்க்க, எரியூட்டுச் சாவி திறந்திருக்கும்போது பொத்தானைச் செயலிழக்கச் செய்யும் இரண்டாவது ரிலேயைச் சிலர் சேர்ப்பர். இதில் மறைமுகமான இடர் உண்டு. விபத்துக்குப் பின் சாவி பெரும்பாலும் திறந்த நிலையிலேயே இருக்கும். அப்போது வெளியில் இருந்து எந்தப் பொத்தானும் கதவைத் திறக்காது. ஆகவே இத்தடையைச் சாவியுடன் இணைக்காமல் வண்டியின் வேகத்துடன் இணைப்பது மேலானது. வண்டி நின்றவுடன் அது தானே விலகிவிடும்.

மின்கலம் நசுங்கினாலோ, கம்பி அறுந்தாலோ எந்த மின்சுற்றும் பயன்படாது. இது உருமாற்றிய கார்களுக்கு மட்டும் உரிய குறை அன்று. 2025 செப்டம்பரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை, 2021 ஆம் ஆண்டு டெஸ்லா மாடல் ஒய் கார்களில் ஏறத்தாழ 1,74,000 வண்டிகளின் மின்னணுக் கதவுக் கைப்பிடிகள் குறித்து ஆய்வைத் தொடங்கியது. கதவுப் பூட்டுக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காதபோது வெளியில் இருந்து திறக்க இயலாமல், குழந்தைகள் உள்ளே சிக்கிய முறையீடுகள் அதற்குக் காரணமாயின.

இதனால் பின்வரும் மூன்று ஏற்பாடுகள் இன்றியமையாதவை.

உட்புறக் கைப்பிடியும் அதன் இழுகம்பியும் எல்லாக் கதவுகளிலும் மாற்றப்படாமல் இருத்தல்.
குறைந்தது ஒரு கதவிலாவது வெளிக் கைப்பிடியை விட்டுவைத்தல். மறைவிடத்தில் உள்ள இழுகம்பி உரிமையாளருக்கு உதவும். சாலையில் உதவிக்கு ஓடி வருபவருக்கு அது தெரியாது.
மின்கலம் தீர்ந்துபோனால் வெளியில் இருந்து மின்னூட்டம் தருவதற்கான காப்பிட்ட முனைகளை அமைத்தல்.

சோதனை

வரிச்சுருள் இயங்கும் கணத்தில் அதன் இரு முனைகளுக்கு இடையிலும், மின்கலத்தின் இரு முனைகளுக்கு இடையிலும் மின்னழுத்தத்தைப் பன்னளவி கொண்டு அளக்க வேண்டும். வேறுபாடு 1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கம்பியிலோ இணைப்பிலோ குறை உள்ளது. ரிலே ‘டிக்’ என்று ஒலித்தும் கதவு திறக்கவில்லை எனில் ரிலேச் சுருள் நன்றாக உள்ளது என்று மட்டுமே பொருள். 12 வோல்ட் ரிலே 8 வோல்ட் அளவிலேயே இயங்கிவிடக்கூடும். வரிச்சுருளுக்கு அது போதாது.

சட்ட நிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் வழங்கிய தீர்ப்பிலும் இதனை உறுதிப்படுத்தியது. எனவே கதவு அமைப்பை மாற்ற விரும்புவோர், வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் விளக்கம் பெறுவது தக்கது.

இவற்றையும் பார்க்க

மின்காந்தம்
ஓமின் விதி
உருகி
மையப் பூட்டு
அறந்தாங்கி