வாயிலும் காவலும்

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் வாயிற்காவலர் கற்சிலை ஒன்று இருக்கிறது. சோழநாட்டுச் சிற்பங்களைக் கண்டு பழகியவர்க்கு அதன் தோற்றம் அயலாகப் படும். அந்த ஐயத்தை அதன் பீடத்தில் உள்ள தமிழ் எழுத்துகளே தீர்த்துவைக்கின்றன. விஜயராஜேந்திரன் என்னும் பட்டம் பூண்ட முதலாம் இராசாதிராசன், மேலைச் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்து, வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்த துவாரபாலகர் அவர். 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது இது. அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் திருக்கோயிலில் நெடுங்காலம் நின்ற பிறகே அச்சிலை கலைக்கூடம் சேர்ந்தது.

ஒரு வாயிலைக் காப்பதற்கென்றே வடிக்கப்பெற்றவர் அங்கிருந்து தாமே கொள்ளைபோய், கொண்டுவந்தவரின் நாட்டில் மற்றொரு வாயிலுக்குக் காவலரானார். காவலைப் பற்றிச் சிந்திப்போர்க்கு இதைவிடக் கூர்மையான வினா வேறில்லை. வீட்டையும் குடும்பத்தையும் காப்பது எது? கதவும் தாழும் கருவியுமா? அன்றி, அவற்றின் பின்னே நிற்கும் வேறொன்றா? காவிரி நாட்டின் இலக்கியமும் கல்வெட்டும் ஊர் வழக்கமும் இதற்குக் கூறும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் காட்டும் இரவு

சிலப்பதிகாரம் புகார் நகரத்தின் ஐவகை மன்றங்களைப் பேசும். அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். வேற்று நாட்டு வணிகர் தம் பெயரும் எண்ணும் பொறித்த பொதிகள் அங்கே திறந்த வெளியில் கிடக்கும். கதவில்லை, தாழில்லை, காவலாளும் இல்லை. எவனேனும் திருட நேர்ந்தால், அப்பொதியே சுமையாக அவன்மேல் ஏறிக்கொள்ளும். வெளியேற வழியின்றி அவன் அம்மன்றத்தையே சுற்றிவருவான் என்பது அந்நகரத்தார் நம்பிக்கை.

இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் தஞ்சை மாவட்டத்துக் களத்துமேடுகளை அறிந்தவர் அவ்வாறு ஒதுக்கமாட்டார். அறுவடை முடிந்து தூற்றிக் குவித்த நெல்லின்மேல் சாணிப்பாலால் குறியிட்டுவிட்டு உரியவர் வீடு செல்வது பழைய வழக்கம். சாணிப்பால் யாரையும் தடுத்து நிறுத்தாது. கை வைத்தால் குறி கலையும். கலைந்தால் ஊர் அறியும். புகாரின் பொதிக்கும் களத்து நெல்லுக்கும் காவலாக நின்றது ஊரார் கண் என்னும் அந்த ஒன்றே.

மதுரைக்காஞ்சி காட்டும் நகரம் வேறு வகையினது. அங்கே நள்ளிரவில் கள்வர் உலவுகின்றனர். கல்லையும் மரத்தையும் துணிக்கும் வாளும், நிலத்தை அகழும் உளியும், இடையில் சுற்றிய நூலேணியும், இருளோடு இருளாகும் உடையும் அவர்க்கு உண்டு. அவர்களை ஒற்றிப் பிடிக்கும் ஊர்காப்பாளரையும் மாங்குடி மருதனார் காட்டுகிறார். அவர்கள் உறங்காத கண்ணினர், அஞ்சாத நெஞ்சினர், களவின் நூல்வழியை நுணுகி அறிந்தவர், தெருவெல்லாம் நீர் பெருகும் மழை இரவிலும் கடமை தவறாதவர். கள்வன் அறிந்ததைக் காவலனும் அறிந்திருந்தான் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. இருவரும் கற்ற வித்தை ஒன்று. அவர்களை வேறுபடுத்தியது கடமை ஒன்றே.

கை குறைத்த காவலன்

அக்கடமையின் உள்ளீடு யாது என்பதற்குச் சிலப்பதிகாரமே மற்றொரு சான்று தருகிறது. மதுரையில் கீரந்தை என்னும் அந்தணன் வெளியூர் செல்லும்போது, அரசனின் காவல் உனக்கு வேலி என்று மனைவிக்குத் தேறுதல் கூறிச் சென்றான். அச்சொல்லைக் கேட்டிருந்த பாண்டியன் நாள்தோறும் இரவில் அவ்வீட்டைக் காத்துவந்தான். ஒருநாள் கணவன் திரும்பியிருப்பதை அறியாமல் கதவைத் தட்டிவிட்டான். தட்டிய ஓசையால் அவ்வீட்டுப் பெண்மீது ஐயம் எழக்கூடும் என்று உணர்ந்ததும், தட்டிய கையைத் தானே குறைத்துக்கொண்டான். பொற்கைப் பாண்டியன் எனப் பெயர் பெற்றான். கண்ணகிக்கு மதுராபதித் தெய்வம் கூறும் கதை இது.

கள்வரிடமிருந்து காப்பது மட்டுமே காவலன் கடமை அன்று. காவலாலேயே ஒரு வீட்டுக்குத் தீங்கு நேருமாயின், அதற்கும் ஈடு செய்ய அவன் கடமைப்பட்டவன் என்பதே இக்கதையின் சாரம். ஈடு செய்யும் பொறுப்பு என்னும் இக்கருத்தே தமிழர் காவல்முறையின் அச்சாணி என்பது எம் துணிபு. அந்த அச்சாணி இருந்த காலத்தையும் கழன்ற காலத்தையும் வரலாற்றில் தனித்தனியே காணலாம்.

கல்வெட்டில் காவல்

சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் சொல் பயின்று வரும். ஊரைக் காப்பதற்காக ஊரார் தந்த வரியை அது குறிக்கும். காவல் இலவசமாகக் கிடைத்ததன்று. விளைச்சலில் பங்கு பெற்று நடந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் திருமெய்காப்பாளரை அனுப்பும் பொறுப்பை முதலாம் இராசராசன் பல ஊர்ச் சபைகளிடம் ஒப்படைத்தான். அவ்வாறு வந்த காவலர் ஒருவர்க்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று அங்குள்ள கல்வெட்டு வரையறுக்கிறது. தலைநகரில் படைக்குக் குறைவில்லாத பேரரசன், கோயில் வாயிலுக்கு ஊர்கள்தோறும் ஆள் கேட்டது ஏன்? தனியாளை வேலைக்கு வைத்தால் அவன் ஒருவனே பொறுப்பாளி. ஓர் ஊர் ஆள் அனுப்பினால் அவன் பின்னே அவ்வூரே நிற்கும்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிலும் (919, 921) இந்நோக்கு உண்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவர் குடவோலைக்கு உரியர் அல்லர். வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே விலக்கப்பட்டனர். கன்னம் வைத்துத் திருடுவதையும் கணக்குக் காட்டாமல் இருப்பதையும் அச்சபையார் ஒரே பட்டியலில் வைத்தனர்.

சோழப் பேரரசு தளர்ந்தபின் நிலை மாறியது. புதுக்கோட்டைப் பகுதியில் 14, 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சில, ஊரார் தம் பாடிகாவல் உரிமையை அரையர்களிடம் விற்றதையும் ஒப்படைத்ததையும் கூறுகின்றன. வலியவனிடம் காவலைத் தந்தால் பிற வலியவர்களிடமிருந்து தப்பலாம். ஆனால் அவனிடமிருந்து தப்புவது எவ்வாறு? கல்யாணபுரத்து வாயிற்காவலர் எழுப்பிய வினா ஊர்தோறும் எழுந்தது.

திண்ணையும் கன்னக்கோலும்

பழைய தஞ்சை வீட்டின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் அதுவும் ஒரு காவல் ஏற்பாடே எனத் தெளியலாம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை எனக் கட்டுக்கட்டாக உள்வாங்கும் வீடு. நெல் பத்தாயத்தில், நகை காமிரா உள்ளில். முற்றத்தின் மேலே இரும்புக் கம்பி. அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். வெளியே திண்ணையில் வீட்டுப் பெரியவரோ வழிப்போக்கரோ உறங்குவர். முன்பின் அறியாதவர்க்கு இடங்கொடுத்த திண்ணையே இரவில் தெருவின் கண்ணாகவும் இருந்தது. ஒரு வீட்டில் இருமல் கேட்டால் மறுவீட்டில் குரல் கேட்கும்.

மண்சுவரைக் கன்னக்கோலால் துளைத்து நுழையும் கள்வரை இவ்வமைப்பு மட்டுமே தடுத்துவிடவில்லை. அதற்கு ஊர்க்காவலும் தலையாரியும் வேண்டியிருந்தனர். தென்மாவட்டங்களில் கள்ளர், மறவர் முதலிய குலத்தார் பலர் காவலுரிமை பெற்றிருந்தனர். அறுவடையில் அவர்க்குப் பங்கு உண்டு. களவு நிகழ்ந்தால் பொருளை மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடில் ஈடு தரவேண்டும். இதுவே காவலின் இலக்கணம்.

இம்முறை குற்றமற்றது என்று கூறிவிட முடியாது. காவல் தர மறுத்த ஊரில் மாடு காணாமற்போவதும், துப்புக்கூலி தந்தபின் அது மீண்டு வருவதும் மதுரைப் பக்கத்தில் வழக்கமாயின. 1896இல் திண்டுக்கல் வட்டாரத்து மக்கள் தமக்குள் பணம் திரட்டி, அந்நிதியைக் கொண்டே களவுபோன பொருளுக்கு ஈடு தந்து, காவல்காரர்களை விலக்க முற்பட்டனர். நிதி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் திரிபாக அது 'பண்டு' இயக்கம் எனப்பட்டது. அதன் ஊடே வன்முறையும் நிகழ்ந்தது. ஆயினும் காவலரை விலக்கியவர்களும் ஈட்டை விலக்கவில்லை என்பது மறக்கத்தக்கதன்று.

கழன்ற அச்சாணி

கும்பினியார் பாளையங்களை அடக்கியபோது காவல் வரியையும் காவல் உரிமையையும் தமதாக்கிக் கொண்டனர். 1799இல் தஞ்சை அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. 1816இல் வந்த ஒழுங்குச் சட்டம் கிராமத் தலைவரையும் தலையாரியையும் அரசுப் போலீசின் கீழ்ப்படி ஆக்கியது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்துப் போலீசுத் துறை உருவாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்கங்களுக்கு மாறாக ஒரே சட்டம் வந்தது நன்மையே. ஆனால் புதிய காவலர் கள்வனைத் தேடுவார், வழக்குத் தொடுப்பார், பொருள் கிடைக்காவிடில் ஈடு தரமாட்டார். ஊருக்கு விடை சொல்லவேண்டியவராய் இருந்த காவலர், மேலதிகாரிக்கு மட்டும் விடை சொல்பவர் ஆனார்.

இதனினும் கொடிது பின்னர் வந்தது. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பழங்குடிச் சட்டம் 1911இல் திருத்தங்களுடன் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. பிரமலைக் கள்ளரும் குறவரும் பிறரும் பிறப்பாலேயே குற்றவாளிகள் எனப் பதிவு செய்யப்பட்டனர். கைரேகை வைக்கவேண்டும், ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டு வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் தம் இருப்பைக் காட்டவேண்டும். ஊர் உறங்க இரவெல்லாம் நடந்தவர்களின் பேரர்க்கு இரவில் நடப்பதே குற்றமாயிற்று. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் இப்பதிவை எதிர்த்து நின்ற மக்கள்மீது போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது; நாடு முழுவதும் 1952இல் நீங்கியது.

இளங்கோவடிகள் இதை முன்பே அறிந்தவர்போல் எழுதியிருக்கிறார். கோவலனைக் கொல்லச் சென்ற காவலருள் ஒருவன், இவன் தோற்றம் கள்வனுக்கு உரியதன்று என்கிறான். உடனே பொற்கொல்லன், கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று களவு நூலையே எடுத்து விரிக்கிறான். கள்வரின் இலக்கணத்தை அத்துணை விரிவாகக் கூறிய அவனே சிலம்பைத் திருடியவன். ஆராயாது ஏவிய பாண்டியன், உண்மை தெரிந்த கணமே உயிர் நீத்தான். அதுவும் ஓர் ஈடே. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியோர் எவரும் அத்தகைய ஈடு செய்ததாக வரலாறு இல்லை.

தத்தன் காத்தது

இன்றைய தாராசுரம் கும்பகோணம் மாநகராட்சியின் ஒரு பகுதி. பட்டுத்தறி ஓடும் வீடுகளில் விடியலிலேயே எழும் தறியோசை, ஆள் விழித்திருக்கிறது என்பதைத் தெருவுக்குச் சொல்லும் காவலாகவும் இருந்துவந்தது. இன்று டெல்டா ஊர்களில் பிள்ளைகள் அயலூர் சென்றபின் முதியோர் தனித்திருக்கும் வீடுகள் பல. திண்ணைக்குக் கம்பிக் கதவு வந்துவிட்டது. வாயிலில் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்படுகிறது. இவை வேண்டாவென்று கூறுவது பேதைமை; பூட்டு வேண்டும், விளக்கு வேண்டும். ஆனால் கேமரா கண்டதைப் பதிவு செய்யும், குரல் கொடுக்காது. குரல் கொடுப்பவர் அடுத்த வீட்டாரே.

அடுத்த வீட்டாரின் விழிப்பும் அறமிழந்தால் என்னாகும் என்பதையும் கண்டோம். 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி கைப்பேசிகளில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த சிற்றூரில், குலதெய்வத்தை வழிபடச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்த முதிய பெண்மணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். தம் வீட்டையும் மக்களையும் காப்பதாக நினைத்தவர்களே அதைச் செய்தனர். கோவலன் கதை மீண்டும் நடந்தது. இம்முறை ஆராயாது தீர்ப்பளித்தது ஊர்.

தாராசுரம் கோயிலின் கருவறைப் புறச்சுவரின் அடியில் அறுபத்துமூவர் வரலாறு சிறு சிறு சிற்பங்களாக ஓடுகிறது. அவர்களுள் ஒருவர் மெய்ப்பொருள் நாயனார். தோற்றோடிய பகைவன் முத்தநாதன், அடியார் வேடம் பூண்டு, சுவடிக்கட்டில் கத்தியை மறைத்து வந்தான். பள்ளியறை வாயிலில் நின்ற தத்தன் தடுத்தும் உள்ளே புகுந்து மன்னரைக் குத்தினான். தத்தன் வாளோங்கினான். வீழ்ந்த மன்னர் அவனைத் தடுத்து, வந்தவனுக்கு இடையூறு நேராமல் ஊரெல்லை வரை கொண்டு விடுமாறு பணித்தார். சினந்து சூழ்ந்த மக்களிடமிருந்து தன் தலைவனைக் கொன்றவனைக் காத்துச் சென்று, எல்லை கடத்திவிட்டு, மீண்டு வந்து செய்தி சொன்னான் தத்தன்.

வாயிலில் தத்தன் தோற்றான், தெருவில் வென்றான். கள்வன் எனப்பட்டவனையும் கூட்டத்தின் கையிலிருந்து காப்பாற்றி அறத்தின் கையில் ஒப்படைப்பதே காவலின் உச்சம். பூட்டுச் செய்வோர் திண்டுக்கல்லில் உளர். சட்டம் செய்வோர் தலைநகரில் உளர். இவன் கள்வன் என்று எவரேனும் கை நீட்டும்போது, ஆராய்ந்தீரா என்று கேட்கும் ஒரு குரலைக் கவிஞர்களே தரவேண்டும். கோவலன் கொலைக்களத்தில் அக்குரல் ஒரே ஒரு காவலனிடம் எழுந்து அடங்கிப்போனது. பத்தாண்டு கண்ட நம் வட்டத்தார் இனி எழுதும் கவிதைகளில் அது அடங்காமல் ஒலிக்குமாயின், நம் தெருக்கள் அச்சமின்றி உறங்கும்.