கனடாக்காரரின் சீருடையில் நமது யானை

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம் இருக்கிறது. அங்குள்ள கிரீன்வூட் விமானத் தளத்தில் 413ஆம் இலக்க ஸ்குவாட்ரன் இயங்குகிறது. அத்லாந்திக் கடலிலும் கரையோரங்களிலும் ஆபத்தில் சிக்கியவர்களைத் தேடி மீட்பது அவர்களது முக்கிய வேலை. பனி கொட்டும் அந்த ஊரில் யானை கிடையாது. ஆனால் அந்த ஸ்குவாட்ரனின் சின்னம் யானைத் தலை. அவர்களுக்கு வழங்கும் பட்டப்பெயரும் 'டஸ்கர்', அதாவது கொம்பன். அந்தக் கொம்பன் போனது நமது நாட்டிலிருந்துதான்.

விமானப் படையினரின் சீருடையில் நூலால் பின்னிய சின்னம் ஒன்று இருக்கும். அதை 'பெட்ச்' என்பார்கள். நமது பிள்ளைகளின் பாடசாலைச் சின்னத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முற்காலத்தில் கையால் தைத்தார்கள். 1860களில் சுவிட்சர்லாந்தில் ஐசாக் குரோப்லி என்பவர் ஒரே நேரத்தில் பல ஊசிகள் ஓடும் எம்ப்ரொய்டரி இயந்திரத்தை உருவாக்கிய பிறகு இவற்றைத் தொகையாகச் செய்ய முடிந்தது. ஒரு ஸ்குவாட்ரன் தொடங்கிய ஆண்டு நிறைவு, ஒரு விமானம் ஓய்வு பெறும் நாள், ஒரு பெரிய சம்பவத்தின் நினைவு என்று இன்றும் புதிது புதிதாகப் பெட்ச் தைக்கிறார்கள். முத்திரை சேர்ப்பவர்களைப் போல இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களும் உலகெங்கும் இருக்கிறார்கள்.

சரி, நமது யானை அங்கே போனது எப்படி?

413ஆம் ஸ்குவாட்ரன் 1941 ஜூலையில் ஸ்கொட்லாந்தில் தொடங்கப்பட்டது. அவர்களிடம் இருந்தவை நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் கட்டலினா விமானங்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்தது இலங்கைதான் என்ற பயம் பிரித்தானியருக்கு. அதனால் இந்தக் கனடாக்காரரைக் காலிக்கு அப்பால் உள்ள கொக்கலவுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள களப்பு கட்டலினாக்களுக்கு ஓடுபாதையானது.

ஸ்குவாட்ரன் லீடர் லெனார்ட் பேர்ச்சல் கொக்கலவுக்கு வந்தது ஏப்ரல் 2ஆம் திகதி. 4ஆம் திகதி விடியுமுன் தன் குழுவினரோடு கடலைக் கண்காணிக்கப் புறப்பட்டார். விமானத்தில் மொத்தம் ஒன்பது பேர். நாள் முழுவதும் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை. பின்நேரம், இலங்கையிலிருந்து ஏறத்தாழ 560 கிலோமீற்றர் தொலைவில், தெற்கே சில புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார்கள். அட்மிரல் நகுமோவின் கடற்படை! பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்.

கப்பல்களின் இடத்தையும் திசையையும் வானொலியில் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோதே ஜப்பானிய விமானங்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்தின. மூவர் உயிரிழந்தனர். மிஞ்சிய ஆறு பேரையும் ஜப்பானியர் கடலிலிருந்து கைதிகளாக எடுத்தனர். போர் முடியும் வரை, மூன்று வருடத்துக்கு மேல், சிறைமுகாம். அவர்கள் உயிரோடிருக்கும் செய்தியே இங்குள்ளவர்களுக்கு வெகுகாலம் தெரியாது.

ஆனால் அவர்கள் அனுப்பிய செய்தி வந்து சேர்ந்துவிட்டது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை வெளியேற்றப்பட்டன. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை குண்டு விழுந்தபோது நடந்திருக்கக்கூடிய அழிவில் ஒரு பகுதிதான் நடந்தது. அதுவும் சிறிதல்ல. இரத்மலானையில் விமானிகளுக்கு நேரத்தோடு எச்சரிக்கை கிடைக்கவில்லை. கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்ற இரு பெரிய போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின; நானூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர்.

கிழக்கு மாகாணத்தவர் கவனிக்க வேண்டியது அடுத்தது. ஏப்ரல் 9ஆம் திகதி அதே கடற்படை திருகோணமலையைத் தாக்கியது. அன்றும் 413இன் ஒரு கட்டலினா அதைக் கண்டு செய்தி அனுப்பியது. அந்த விமானத்தில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அன்றுதான் ஹெர்மிஸ் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. விமானந்தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. மூழ்கும்போது அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு போன அந்தக் கப்பல் இன்றும் நமது கடலடியில்தான் கிடக்கிறது.

பேர்ச்சலைக் கனடாக்காரர் 'இலங்கையின் மீட்பர்' என்றழைத்தார்கள். அவர் 2004இல் காலமானார். அவரை அறியாத இளம் விமானியும் இன்று அந்த யானையைச் சீருடையில் அணிந்துகொண்டு பறக்கிறார். உள்ளங்கை அளவு துணி, எண்பது வருடத்துக்கு மேற்பட்ட கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் துணியில் இடம் குறைவு. எல்லாவற்றையும் அதில் தைக்க முடியாது. கொக்கலவில் தளம் கட்டுவதற்காகக் கிராம மக்களை அவசர அவசரமாக எழுப்பினார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, தென்னைகள் வீழ்ந்தன. சிங்கள இலக்கியத்தின் பெரும் எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவரது வீடு தப்பியது. இன்று நூதனசாலையாக நிற்கிறது. இடம்பெயர்ந்த மற்றக் குடும்பங்களுக்கு எந்தப் பெட்சும் இல்லை. இப்போது அதே கொக்கலவில் 1990களில் வந்த ஏற்றுமதி வலயம் இருக்கிறது. நமது நாட்டுப் பெண் பிள்ளைகள் அங்கே வெளிநாட்டாருக்கு உடுப்புத் தைக்கிறார்கள். ஊசியும் நூலும் நம்மிடம் தாராளமாக உண்டு. நமது கதையைத் தைக்கத்தான் ஆளில்லை.

1942இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். சைரன் சத்தம், இருட்டடிப்பு, அரிசித் தட்டுப்பாடு, ஊரை விட்டு ஓடியது எல்லாம் அவர்களுடைய நெஞ்சில் மட்டும் இருக்கின்றன. எந்தப் புத்தகத்திலும் அது முழுதாக இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரம் ஒன்பது, பத்துப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: 1942 ஏப்ரலை நினைவுகூர நமது ஊருக்கு ஒரு பெட்ச் வரையச் சொல்லுங்கள். என்ன வரைவது என்று தெரியாமல் பிள்ளை வீட்டுக்குப் போய் உம்மும்மாவிடம் கேட்கும். அந்தக் கேள்விதான் பாடம்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்து மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் சொன்னதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். இரண்டு வரி போதும். கனடாக்காரர் ஒரு யானையை மறக்கவில்லை. நாம் நமது மனிதர்களை மறக்காமல் இருப்போம்.