அலையைக் கடந்தவங்களும் அலைமேல ஏறினவங்களும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில பஸ்ல போறவங்களுக்கு இந்தக் காட்சி பழக்கமா இருக்கும். முதுகுல ஆள் உயரத்துக்கு ஒரு பை, கால்ல ரப்பர் செருப்பு, வெயில்ல சிவந்துபோன மூக்கோட ஒரு வெளிநாட்டு ஜோடி. இப்பல்லாம் நம்ம ஊர் ஜோடிங்களும் அதே மாதிரி பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடறாங்க. வர்ற வேலை ரெண்டே ரெண்டுதான். காலையில சர்ஃபிங், மத்தியானம் மீன்!

அவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன சிரிப்பு வரும். இன்னிக்குக் காசு கொடுத்துத் தேடி வர்ற இதே அலையை, கப்பல்ல வந்த வெள்ளைக்காரங்க ரெண்டு நூற்றாண்டுக்கு மேல திட்டித் தீர்த்திருக்காங்க. அந்தக் கதையைக் கொஞ்சம் பேசுவோம்.

முதல்ல வார்த்தையிலேர்ந்து ஆரம்பிக்கலாம். 'சர்ஃப்'ங்கிற சொல் ஆங்கிலத்துல 17ஆம் நூற்றாண்டோட கடைசியில புழக்கத்துக்கு வந்தப்போ, அது குறிச்சது இந்தியக் கடற்கரையோரத்து அலைகளைத்தான். அதனால இந்திய மொழி ஏதாவது ஒண்ணுலேர்ந்து போயிருக்கலாம்னு அகராதிக்காரங்க ஊகிக்கிறாங்க. அதே சமயத்துல இன்னொரு சொல்லும் கப்பல் ஏறிச்சு. அதுல ஊகமே தேவையில்லை, நம்ம கட்டுமரம்தான். வில்லியம் டாம்பியர்ங்கிற கடலோடி 1697ல வந்த தன்னோட பயணநூல்ல சோழமண்டலக் கரையோட கட்டுமரத்தைப் பத்தி எழுதியிருக்கார். அந்தப் பேரைத்தான் பின்னாடி ரெண்டு ஓடு வச்ச சொகுசுப் படகுக்கெல்லாம் 'கேட்டமரான்'னு வச்சுக்கிட்டாங்க. பேரு போச்சு, கட்டினவனுக்கு ராயல்டி வரலை :-)

சரி, அலையை ஏன் திட்டினாங்க? சோழமண்டலக் கரையில பெரிய கப்பல் ஒதுங்கறதுக்கு இயற்கையா ஒரு துறைமுகம் கிடையாது. மணல் கரை, திறந்த கடல், வரிசை வரிசையா உடையற அலை. சென்னைக்கு வர்ற கப்பல் ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கணும். அங்கேர்ந்து கரைக்கு வரணும்னா மசூலாப் படகுதான். அதுல ஒரு ஆணி கிடையாது. பலகைகளைக் கயித்தால தைச்சிருப்பாங்க. ஆணி அடிச்ச படகு அலை மோதினா விட்டுப்போகும், தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும். கவர்னரா இருந்தாலும் சரி, துணி மூட்டையா இருந்தாலும் சரி, கரை சேர்றது படகுக்காரங்க கையிலதான். பக்கத்துலயே கட்டுமரங்களும் வரும், யாராவது தண்ணியில விழுந்தா தூக்கிப் போட்டுக்க.

நம்ம செங்கல்பட்டுப் பக்கமும் இதே கதைதான். புதுப்பட்டினத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினத்துல டச்சுக்காரங்க கோட்டை கட்டி உட்கார்ந்து மஸ்லின் துணி ஏத்துமதி பண்ணினாங்க. 1782 பிப்ரவரியில இந்தக் கரைக்கு எதிர்லதான் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் மோதிக்கிட்டாங்க. வடக்கே கோவளத்துல 18ஆம் நூற்றாண்டுல ஆஸ்டெண்ட் கம்பெனின்னு ஒண்ணு கடை போட்டுச்சு. பெல்ஜியத்துத் துறைமுகப் பேரு அது. பிறகு அங்கே இருந்த கோட்டையை 1752ல கிளைவ் பிடிச்சு இடிச்சார். டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம்னு கொடி மாறிக்கிட்டே இருந்தது. அலையைத் தாண்டற வேலை மட்டும் எந்தக் கொடி பறந்தாலும் கரையில இருந்த நம்ம ஆளுங்களோடதுதான்.

'சர்ஃபிங்கைக் கண்டுபிடிச்சதே தமிழன்தான்'னு ஃபார்வர்டு மெசேஜ் போட நான் வரலை. பலகை மேல ஏறி அலையில விளையாடறது பசிபிக் தீவுக்காரங்க கலை. 1770கள்ல கேப்டன் குக் கூடப் போனவங்க ஹவாயில அதைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்காங்க. நம்ம மீனவருக்கு அலை விளையாட்டு இல்லை, வேலை. ஆனா வேலை முடிச்சுத் திரும்பறப்போ சரியான அலையைப் பார்த்து அதன் முதுகுல கட்டுமரத்தைக் கரை வரைக்கும் ஓட்டிட்டு வர்றதுக்கு ஒரு கணக்கு வேணும் இல்லையா? எந்த அலையை விடணும், எதைப் பிடிக்கணும்? சர்ஃபிங் பள்ளியில சொல்லிக்கொடுக்கற பாதிப் பாடம் இதுதானே!

இப்ப பை மாட்டினவங்க கதைக்கு வருவோம். ஐரோப்பாவிலேர்ந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியா தரையிலேயே இந்தியா வந்த ஹிப்பிக் கூட்டத்துக்கு 1979ல வழி அடைபட்டுச்சு. ஈரான்ல புரட்சி, ஆப்கன்ல சோவியத் படை. அப்புறம் விமானத்துல வந்தாங்க. மாமல்லபுரச் சின்னங்களை 1984ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. ஒத்தவாடைத் தெரு அவங்க தெருவாவே ஆயிடுச்சு. காலையில வாழைப்பழ பான்கேக், ராத்திரி தட்டுல வஞ்சிரம், இறால், கணவாய்னு அடுக்கிக் காட்டி "எது வேணும் சார்?" பூண்டும் வெண்ணெயும் போட்டு வறுத்துக் கொடுப்பாங்க. அதே மீனவர் வீட்டு அடுப்புல கொதிக்கற நெத்திலிக் குழம்பும் சுறாப் புட்டும் அந்த மெனு கார்டுல பெரும்பாலும் இருக்காது. சாப்பாட்டுக்காகவே வர்றவங்க அதைக் கேட்டு வாங்கணும்னு நான் சொல்லுவேன்.

2004 டிசம்பர் 26. சுனாமி இந்தக் கரையையும் விடலை. உயிர் போனதைத் தவிர ஒரு தொழில்நுட்பமும் அடிபட்டது. நிவாரணமா கண்ணாடியிழைப் படகுகள் நிறைய வந்தன, கட்டுமரம் வேகமாக் குறைஞ்சது. பாதுகாப்பு, வேகம் எல்லாம் சரிதான். ஆனா என்ஜின் வச்ச படகுல போற பையனுக்கு அலையோட ஒவ்வொரு நெளிவும் தெரியணும்னு அவசியமில்லை.

அந்த இடத்துலதான் சர்ஃபிங் பலகை வந்து நின்னது. கோவளம் மீனவக் குடும்பத்து மூர்த்தி மேகவன் அலையேறக் கத்துக்கிட்டு, தொழிலதிபர் அருண் வாசுவோட ஆதரவுல 2012ல அங்கே சர்ஃபிங் பள்ளி நடத்த ஆரம்பிச்சார். குப்பத்துப் பசங்க வாத்தியார் ஆனாங்க. 2023 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல உலக சர்ஃப் லீக்கோட தகுதிச்சுற்றுப் போட்டி, 2025 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப். அதுல கர்நாடகத்து ரமேஷ் புடிஹால் வெண்கலம் வாங்கினார். மசூலாப் படகுல சுமந்து கரை சேர்த்தவங்களோட தொழில்வாரிசுகள் இன்னிக்குக் கையைப் பிடிச்சு அலைமேல ஏத்தி விடறாங்க. கூலி வாங்கின இடத்துல 'மாஸ்டர்'னு மரியாதை. இது சின்ன மாற்றமில்லைங்க.

ஆனா ஒரு கவலை இருக்கு. இந்தக் கரையில அலை மணலை வருஷத்துல பெரும்பகுதி வடக்கே தள்ளிக்கிட்டே இருக்கும். 1876ல சென்னைத் துறைமுகத்துக்குக் கடல்ல கல் கொட்ட ஆரம்பிச்சாங்க. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரை அரிச்சது. கடல்ல எங்கே கல்லைப் போட்டாலும் வடக்குப் பக்கத்துக் குப்பம் விலை கொடுக்கும். கரையோரமா விடுதிச் சுவர் நீள நீள, படகு இழுத்து விடவும் வலை காயப்போடவும் இடம் சுருங்குது. மீனவன் கரையை விட்டுப் போனா மீனும் ஐஸ் பெட்டியில வரும், அலை சொல்லிக்கொடுக்க வெளியூர் மாஸ்டர்தான் வருவார்.

அதனால பையைத் தூக்கிட்டு வர்ற ஜோடிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பலகையை வாங்கறதுக்கு முன்னாடி சொல்லிக்கொடுக்கற தம்பிகிட்ட "உங்க தாத்தா கட்டுமரம் ஓட்டினாரா?"ன்னு கேளுங்க. சோழகக் காத்து, கச்சான், வாடைன்னு அவர் ஆரம்பிச்சார்னா அன்னிக்கு சர்ஃபிங் கொஞ்சம் லேட்டானாலும் பரவாயில்லை.